பிஎம்எஸ் இல்லாத சைக்கிள்: ரிமோட் விமான பேட்டரியோடு இரண்டு வருடம்

என் எலக்ட்ரிக் சைக்கிளோடு வந்த 48 வோல்ட் பேட்டரி மூன்றாம் வருடத்தில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. சமதளத்தில் ஒழுங்காக ஓடும். மேடு வந்து ஆக்சிலேட்டரைத் திருகினால் பொட்டென்று அணைந்துவிடும். இறங்கி நின்று சாவியை அணைத்துப் போட்டால் மறுபடி உயிர் வரும், அடுத்த மேடு வரை.

ரிமோட் விமானம் பறக்கவிடும் நண்பர் ஒருவரிடம் இதைப் புலம்பினேன். அவர் அலமாரியைத் திறந்து, செங்கல் அளவுக்கு இருந்த ஒரு லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி பேக்கை எடுத்து என் கையில் வைத்தார். "இது ஒரு விமானத்தையே செங்குத்தா மேல தூக்குது. உங்க சைக்கிளை இழுக்காதா?" என்றார். இழுக்கும் என்பதில் எனக்கும் சந்தேகம் வரவில்லை. அதை நிறுத்துவதற்கு உள்ளே யார் இருக்கிறார்கள் என்று மட்டும் அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். லிப்போவில் ஒரு செல்லின் பெயரளவு மின்னழுத்தம் 3.7 வோல்ட். முழு சார்ஜில் 4.2. ஆறு செல்லைத் தொடராகக் கோத்தது 6எஸ் பேக். அதாவது 22.2 வோல்ட், நிறைந்தால் 25.2. இரண்டு 6எஸ் பேக்கைத் தொடராக இணைத்தால் 12எஸ்: 44.4 வோல்ட், நிறைந்தால் 50.4. வழக்கமான 48 வோல்ட் சைக்கிள் பேட்டரி 13 செல் கொண்டது, நிறைந்தால் 54.6 வரும். ஆக 12எஸ் கொஞ்சம் கம்மிதான். ஆனால் பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் என் கன்ட்ரோலர் 42 வோல்ட்டில்தான் அணையும் என்பதால் பொருந்திப் போனது.

நான் வாங்கியது 5 ஏஎச் (ஆம்பியர்-மணி) கொள்ளளவுள்ள 6எஸ் பேக் நான்கு. இரண்டிரண்டாகப் பக்க இணைப்பு கொடுத்து, அந்த இரண்டு ஜோடியையும் தொடராக்கினால் 12எஸ் 10 ஏஎச். 44.4 பெருக்கல் 10, மொத்தம் 444 வாட்-மணி. அதில் 80 சதவீதத்தை மட்டும் பயன்படுத்துவது என்று முடிவு செய்தேன். என் ஓட்டத்துக்குக் கிலோமீட்டருக்கு சுமார் 12 வாட்-மணி செலவாகும் என்பதால் 30 கிலோமீட்டர் வரை நிம்மதியாகப் போகலாம். நான்கும் சேர்ந்து எடை மூன்று கிலோ சொச்சம்.

பேக் மேல் '30சி' என்று அச்சிட்டிருந்தது. கொள்ளளவைப் போல எத்தனை மடங்கு ஆம்பியர் என்பதைச் சொல்வது இந்த 'சி'. 5 ஏஎச்சை 30 ஆல் பெருக்கினால் 150 ஆம்பியர். அந்த எண்ணைத் தயாரிப்பாளரின் ஆசை என்றே எடுத்துக்கொள்ளுங்கள், பாதி கிடைத்தாலே பெரிய விஷயம். என் கன்ட்ரோலர் இழுப்பது அதிகபட்சம் 25 ஆம்பியர். அது இரண்டு பேக்குக்குப் பிரிந்தால் ஆளுக்கு 12.5, அதாவது வெறும் 2.5சி. விமானத்தைத் தூக்கிப் பழகிய பேட்டரிக்கு இது உட்கார்ந்தபடி செய்கிற வேலை. முதல் நாள் ஓட்டியபோது பழைய பேட்டரி அணைந்துபோகும் அதே மேட்டில் வாட் மீட்டரில் ஒன்றரை வோல்ட்கூட இறங்கவில்லை. சைக்கிளுக்கு வயது குறைந்துவிட்ட மாதிரி இருந்தது.

பழைய பேட்டரிக்குள் பிஎம்எஸ் (பேட்டரி மேலாண்மை அமைப்பு) என்ற சின்னப் பலகை இருந்தது. மேட்டில் வண்டியை அணைத்து என்னை எரிச்சல்படுத்தியது அதுதான். ஆனால் அது எதைப் பார்த்து அணைத்தது என்பது பிறகுதான் புரிந்தது. ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பார்த்து, ஏதோ ஒன்று எல்லைக்குக் கீழே போனதும் மொத்தத்தையும் துண்டிப்பது அதன் வேலை. ரிமோட் விமானத்துக்கான இந்த ஹாபி பேக்கில் அப்படி யாருமில்லை. தடிமனான இரண்டு வயர், ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே தொடும் ஏழு முனை கொண்ட மெல்லிய பேலன்ஸ் வயர், அவ்வளவுதான். உள்ளே நடப்பதை எட்டிப் பார்க்க அந்த மெல்லிய வயர்தான் ஒரே ஜன்னல்.

'கன்ட்ரோலர்தான் 42 வோல்ட்டில் அணைத்துவிடுமே' என்று நானும் நினைத்தேன். 42ஐ 12 செல்லுக்குப் பங்கிட்டால் 3.5 வோல்ட், பாதுகாப்பான இடம். ஆனால் கன்ட்ரோலருக்குத் தெரிவது கூட்டுத்தொகை மட்டும். பதினொரு செல் 3.6 வோல்ட்டில் இருந்து, நோஞ்சான் செல் ஒன்று 2.4க்கு விழுந்திருந்தாலும் கூட்டினால் அதே 42 தான். மூன்று வோல்ட்டுக்குக் கீழே ஒரு செல்லை இழுத்துக்கொண்டு போவது அதைச் சாகடிக்கிற வேலை. எனவே பேலன்ஸ் வயரில் செருகுகிற சின்ன அலாரம் இரண்டு வாங்கி, ஏதாவது ஒரு செல் 3.5க்கு வந்தால் கத்தும்படி வைத்தேன். காது கிழிகிற சத்தம். சிக்னலில் நிற்கும்போது கத்தினால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த வெட்கத்துக்குப் பயந்தே பாதி நாள் மெதுவாக ஓட்டினேன்.

கன்ட்ரோலரோடு முதல்முறை இணைத்தபோதே 'டப்' என்று ஒரு வெடிச் சத்தம், நீலப் பொறி. பயந்து பிடுங்கிப் பார்த்தால் கனெக்டரின் முனையில் கரும்புள்ளி. இது பேட்டரியின் கோளாறு கிடையாது. கன்ட்ரோலருக்குள் பெரிய கெப்பாசிட்டர்கள் காலியாகக் காத்திருக்கின்றன. 50 வோல்ட் தொட்ட கணத்தில் அவை ஷார்ட் சர்க்யூட் போலவே நடந்துகொண்டு மின்னோட்டத்தை விழுங்குகின்றன. பொறி தடுக்கும் எக்ஸ்டி90-எஸ் கனெக்டர் போட்டதும் தொல்லை தீர்ந்தது. அதற்குள் 5.6 ஓம் மின்தடை இருக்கிறது. செருகும்போது முதலில் அதன் வழியாக மெதுவாக நிரப்பிவிட்டு, பிறகே முழுத் தொடுகை கிடைக்கும். தினமும் கழற்றி மாட்டுகிறவருக்கு இது கட்டாயம் வேண்டும்.

கனெக்டர் மாற்றும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். பழையதை வெட்ட இரண்டு வயரையும் சேர்த்துக் கட்டிங் பிளேயருக்குள் கொடுத்தால் பிளேயரே ஷார்ட் ஆகிவிடும். ஒரு வயரை வெட்டி, ஈயம் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் (சூடு பட்டால் சுருங்கிப் பிடிக்கும் உறை) போட்டு மூடி, அதற்குப் பிறகே அடுத்த வயர். இதை மட்டும் நண்பர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். மற்றதையெல்லாம் நானே பட்டுத் தெரிந்துகொண்டேன்.

பட்டதிலேயே பெரியது மூன்றாம் மாதம் நடந்தது. சார்ஜ் போடுவதற்குப் பக்க இணைப்புப் பலகை ஒன்று வைத்திருந்தேன். நான்கு பேக்கின் தடி வயரையும் பேலன்ஸ் வயரையும் அதில் செருகினால் சார்ஜருக்கு அது 20 ஏஎச் கொண்ட ஒரே 6எஸ் பேக்காகத் தெரியும். ஒரே தடவையில் நான்கும் நிரம்பும், நல்ல வசதி. ஒரே ஒரு நிபந்தனை: ஓட்டுவதற்காகப் போட்ட தொடர் இணைப்பை முதலில் கழற்ற வேண்டும்.

அன்றைக்கு இரவு பத்து மணிக்கு மேல் வீடு வந்தேன். நல்ல களைப்பு. மறுநாள் காலை வண்டி வேண்டும். சைக்கிள் பெட்டியைத் திறந்து, பேக்குகளை வெளியே எடுக்காமலே, எட்டிய பேலன்ஸ் வயர்களை ஒவ்வொன்றாகப் பலகையில் செருகினேன். முதல் இரண்டும் ஒரே ஜோடியைச் சேர்ந்தவை, ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவதைச் செருகியதும் வெள்ளை வெளிச்சம். அடுத்த நொடி பிளாஸ்டிக் கருகும் நாற்றம். பேலன்ஸ் வயர்களின் உறை உருகி வழிந்து, உள்ளேயிருந்த செம்பு சிவந்துகொண்டிருந்தது. பலகையைப் பிடித்து இழுத்ததில் இரண்டு விரல்கள் பொசுங்கின. இழுத்த வேகத்தில் வயர் அறுந்ததுதான் என் அதிர்ஷ்டம்.

என்ன நடந்தது என்று மறுநாள் தாளில் வரைந்து பார்த்தேன். தொடராக இணைத்த இரண்டு பேக்கில், முதலாவதின் நேர்முனையும் இரண்டாவதின் எதிர்முனையும் ஒன்றாகவே இருக்கும். பலகையோ எல்லா எதிர்முனைகளையும் ஒன்றாகச் சேர்க்கிறது, எல்லா நேர்முனைகளையும் ஒன்றாகச் சேர்க்கிறது. ஆக முதல் பேக்கின் எதிர்முனை, பலகை வழியாக, தன்னுடைய நேர்முனையையே போய்த் தொடுகிறது. இரண்டாவதுக்கும் அதே கதி. 25 வோல்ட், நூறு ஆம்பியருக்கு மேல் அள்ளிக் கொடுக்கக்கூடிய பேக், நடுவே தலைமுடியைவிடக் கொஞ்சம் தடித்த வயர். மேட்டில் ஏறும்போது எதை மெச்சிக்கொண்டேனோ அதே பலம்தான் என் விரலைச் சுட்டது.

'இனிமேல் கவனமாக இருப்பேன்' என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. களைத்த இரவுகள் இன்னும் வரத்தான் போகின்றன. அதனால் வயரிங்கையே மாற்றினேன். தொடர் இணைப்புக்கென்று தனியே ஒரு குட்டிப் பிளக் செய்தேன். அது போய் உட்காரும் கனெக்டரில்தான் சார்ஜ் வயரும் செருகியாக வேண்டும். அதைக் கழற்றாமல் இதைச் செருக முடியாது. பேலன்ஸ் வயர்களை ஒரு மூடிக்குள் வைத்து, அந்த மூடி திறப்பதற்கும் தொடர் பிளக்கைக் கழற்றியாக வேண்டும் என்று அமைத்தேன். பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. அதன்பிறகு ஒரு தடவைகூட அந்தத் தவறு நடக்கவில்லை, நடக்க வழியில்லாததால்.

பக்க இணைப்பில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. சேர்க்கப்போகும் பேக்குகளின் மின்னழுத்தம் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று செல்லுக்கு 4.1, இன்னொன்று 3.7 என்று வையுங்கள். ஆறு செல்லுக்கு வித்தியாசம் 2.4 வோல்ட். பார்க்கச் சின்ன எண். ஆனால் வழியிலுள்ள மின்தடை மொத்தம் 0.05 ஓம்தான் இருக்கும் என்றால் நிறைந்ததிலிருந்து காலியானதற்கு 48 ஆம்பியர் பாயும். 5 ஏஎச் பேக்குக்கு அது ஏறக்குறைய 10சி சார்ஜ். நான் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்து, முழு பேக்குக்கு 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால்தான் சேர்ப்பேன். சேர்க்கும்போதும் முதலில் தடி வயர், பிறகே பேலன்ஸ் வயர். சமன் செய்யும் மின்னோட்டம் தடி வயரில் ஓடி முடியட்டும்.

அடுத்த நஷ்டம் சத்தமில்லாமல் வந்தது. சத்தமில்லாமல் என்று சொல்வதும் தப்பு. ஒரு வேலையாகப் பத்து நாள் வெளியூர் போனேன். கன்ட்ரோலரிலிருந்து பேட்டரியைக் கழற்றிவிட்டேன், தொடர் பிளக்கையும் கழற்றிவிட்டேன். ஒரு பேக்கில் அலாரத்தை மட்டும் மறந்துவிட்டேன். அந்தக் குட்டிச் சாதனமும் பேட்டரியிலிருந்துதான் உயிர் வாழ்கிறது. 20 மில்லி ஆம்பியர் குடிக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும் ஒரு நாளுக்கு 0.48 ஏஎச், பத்து நாளில் ஒரு 5 ஏஎச் பேக்கே காலி. அதுவும் எல்லா செல்லிலிருந்தும் சமமாகக் குடிப்பதில்லை. திரும்பி வந்து பார்த்தபோது மூன்று செல் ஒன்றரை வோல்ட்டுக்குக் கீழே கிடந்தது, மற்ற மூன்றும் 3.6க்கு மேலே. நடுவில் ஒரு நாள் முழுக்க ஏதோ பறவை கத்திக்கொண்டே இருந்ததாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். ஆளில்லாத வீட்டில் அலாரம் தன் கடமையைச் செய்திருக்கிறது.

அப்படி விழுந்த செல்லுக்கு மெதுவாக உயிர் கொடுக்கலாம் என்று யோசனை சொல்ல ஆள் உண்டு. நான் செய்யவில்லை. அவ்வளவு தாழ்ந்த நிலையில் எதிர்முனைத் தகட்டின் செம்பு கரைய ஆரம்பிக்கும். திரும்பச் சார்ஜ் செய்யும்போது அது கண்ட இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகும். வெளியே பார்க்க நல்ல பேக்காக இருக்கும் என்பதுதான் அதில் பயங்கரம்.

சார்ஜ் விஷயத்தில் நான் முதலில் கஞ்சத்தனம் பார்த்தேன். விமானத்துக்கான 50 வாட் சார்ஜர் கையில் இருந்தது. 25 வோல்ட்டில் 50 வாட் என்றால் 2 ஆம்பியர். என் அன்றாடச் செலவான 355 வாட்-மணியை நிரப்ப ஏழு மணி நேரத்துக்கு மேல். ஏழு மணி நேரம் யார் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது? ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கத் தோன்றும். தூங்கும்போது லிப்போ சார்ஜ் ஆகவே கூடாது. எனவே 300 வாட் சார்ஜருக்கும் அதற்கு மின்சாரம் கொடுக்க 24 வோல்ட் பவர் சப்ளைக்கும் மாறினேன். (ஹாபி சார்ஜர் பலவற்றை நேரே சுவர் சாக்கெட்டில் செருக முடியாது, இந்தச் செலவையும் முதலிலேயே கணக்கில் சேருங்கள்.) 12 ஆம்பியர், நான்கு பேக்குக்கும் பிரித்தால் 0.6சி. பேட்டரிக்கும் இதம், ஒன்றரை மணி நேரத்தில் வேலையும் முடிந்துவிடும். அந்த ஒன்றரை மணி நேரமும் நான் விழித்திருப்பேன், கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருப்பேன்.

இடம்: வீட்டுக்கு வெளியே, சிமென்ட் தரை, மேலே கூரை மட்டும், பக்கத்தில் எரியக்கூடியது எதுவுமில்லை. வாசலை அடைத்துக்கொண்டு ஒருபோதும் சார்ஜ் போடாதீர்கள். பற்றிக்கொண்டால் வெளியேறும் வழியே அதுதான். தீத்தடுப்புப் பை ஒன்றும் வைத்திருந்தேன், ஆனால் நான்கு பேக் பற்றினால் அது தாங்கும் என்று நம்பவில்லை. இறுக்கி மூடிய இரும்புப் பெட்டி இன்னும் மோசம், வாயு வெளியேற வழியில்லாமல் அது குண்டாகிவிடும்.

என் பேக் எதுவும் எரிந்ததில்லை. நண்பருடையது எரிந்ததைப் பார்த்திருக்கிறேன். அவருடைய விமானம் மூக்கு குத்தி விழுந்தது. பேட்டரி ஓரத்தில் லேசாக நசுங்கியிருந்தது, சூடுகூட இல்லை. காரில் போட வேண்டாம் என்று புல்லில்லாத தரையில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தோம். கால் மணி நேரம் கழித்து உப்ப ஆரம்பித்து, சீறிக்கொண்டு வெள்ளைப் புகை கிளம்பி, பிறகு ஜுவாலை. இந்த பேக்குகளில் பெரும்பாலும் நேர்முனையில் இருப்பது லித்தியம் கோபால்ட் ஆக்சைடு. அளவுக்கு மீறிச் சூடானால் அதுவே ஆக்சிஜனை வெளிவிடும், அதனால் மூடி அணைத்துவிட முடியாது. தண்ணீர் ஊற்றலாம், நிறைய ஊற்ற வேண்டும், குளிரவைப்பதுதான் நோக்கம். புகையில் ஹைட்ரஜன் புளோரைடு இருக்கும், அதைச் சுவாசித்துக்கொண்டு வீரம் காட்ட வேண்டாம். வீட்டுக்குள் என்றால் எல்லாரும் வெளியேறுவதும் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுவதும்தான் வேலை.

அந்தக் காட்சிக்குப் பிறகு என் சைக்கிள் பெட்டியை மாற்றினேன். அதுவரை துணிப்பையில் வைத்து சட்டகத்தில் கட்டியிருந்தேன். லிப்போ செல்லுக்கு உலோகக் கூடு கிடையாது, ஒரு மெல்லிய பை மட்டுமே. சட்டகத்திலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு போல்ட் முனை போதும். அலுமினியப் பெட்டி, உள்ளே சுற்றிலும் நுரைத்தகடு, பேக் கொஞ்சம் உப்பினாலும் அமுங்காதபடி இடைவெளி, வாயு வெளியேற அடியில் துளை. குண்டும் குழியுமான சாலையில் வயர் உரசும் இடங்களில் ரப்பர் வளையம். முதுகுப் பையில் பேட்டரியைப் போட்டுக்கொண்டு ஓட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். எனக்கு முதுகு வேண்டும்.

ஃபியூஸ் போட்டீர்களா என்று கேட்பீர்கள். போட்டேன், முதலில் தப்பானதை. கார்களில் வரும் சாதாரணத் தகடு ஃபியூஸ் 32 வோல்ட்டுக்கானது. 50 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் அது உருகினாலும் இடைவெளியில் வில் பொறி நீடித்து மின்சாரம் தொடரக்கூடும். 58 வோல்ட் என்று குறித்தது தனியாகக் கிடைக்கிறது, அதில் 40 ஆம்பியர் போட்டேன். பேட்டரியின் நேர்முனைக்கு எவ்வளவு பக்கத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு பக்கத்தில்.

பிரேக் பிடிக்கும்போது மின்சாரம் திரும்ப வரும் மோட்டார் வைத்திருப்பவர்கள் மட்டும் ஒன்று கவனிக்க வேண்டும். முழுக்க நிரப்பிவிட்டு வீட்டு வாசலிலிருந்தே சரிவில் இறங்கினால் அந்த மின்சாரம் போக இடமில்லை. தடுக்க பிஎம்எஸ்சும் இல்லை. செல் 4.2ஐத் தாண்டும். நான் எப்படியும் 4.1 வரைதான் நிரப்புவேன். பத்துச் சதவீதம் போல தூரம் குறையும், ஆயுள் கூடும்.

ஆயுள் என்றால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். இவ்வளவு பொத்திப் பொத்தி வைத்தும் இருநூற்றுச் சொச்சம் சார்ஜ்களில் என் பேக்குகள் தளர ஆரம்பித்தன. ஒழுங்கான சைக்கிள் பேட்டரி ஐந்நூறைத் தாண்டும், எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) ரகம் இரண்டாயிரத்தைக்கூடத் தொடும். மாதம் ஒரு தடவை சார்ஜரில் உள்மின்தடையை அளந்து நோட்டில் எழுதி வந்தேன். எல்லா செல்லும் 3 மில்லி ஓம் பக்கம் இருக்கும்போது ஒன்று மட்டும் 4, 6, 9 என்று ஏறியது. அந்த செல்தான் மேட்டில் முதலில் அலாரத்தைக் கத்தவைத்தது, பிறகு அதுதான் தலையணை மாதிரி உப்பியது. உப்பிய பேக்கை ஊசியால் குத்திக் காற்றை விடுகிறவர்கள் இருக்கிறார்களாம். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் வார்த்தையில்லை.

இப்போது தினசரி ஓட்டத்துக்கு பிஎம்எஸ் வைத்த 13எஸ் பேட்டரி வாங்கிவிட்டேன். வீட்டில் என்னைத் தவிர இன்னொருவரும் சைக்கிளை எடுக்க ஆரம்பித்ததுதான் காரணம். பிளக் வரிசை, அலாரம், நோட்டு என்று ஒரு பக்கம் பாடம் நடத்திவிட்டுத்தான் சாவியைக் கொடுக்க வேண்டும் என்றால் அது வாகனமே இல்லை. பரிசோதனைக்கு, போட்டி ஓட்டத்துக்கு, மல்டிமீட்டரைக் கையில் எடுக்கச் சலிக்காத ஒரே ஆள் மட்டும் ஓட்டுகிற வண்டிக்கு ஹாபி பேக் நல்ல குதிரை. அதற்கு வெளியே நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

நல்ல நிலையில் மிஞ்சிய இரண்டு பேக் வெளியறை அலமாரியில், செல்லுக்கு 3.8 வோல்ட்டில், அலாரம் கழற்றிய நிலையில் இருக்கின்றன. உப்பியதை உப்புத் தண்ணீரில் போடச் சொன்னார்கள். முனைகள் முதலில் அரித்துப்போய் உள்ளே சார்ஜ் அப்படியே தங்கிவிடக்கூடும் என்பதால் அந்த வழிக்குப் போகவில்லை. இரண்டு 12 வோல்ட் கார் பல்பைத் தொடராகக் கோத்து, வெளியே தரையில் வைத்து எரியவிட்டேன். சாயங்காலம் பளிச்சென்று ஆரம்பித்து, மஞ்சளாகி, சிவந்து, இருட்டுவதற்குள் இழை மட்டும் மினுமினுத்தது. மல்டிமீட்டர் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டும் வரை விட்டுவைத்து, முனைகளுக்கு டேப் சுற்றி, மின்கழிவு எடுக்கும் இடத்தில் கொடுத்துவிட்டு வந்தேன்.